எங்க குளத்தை அழகுபடுத்த வேண்டாம்: பேரூராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பேரூராட்சித் தலைவர் அக்காவுக்கும், கவுன்சிலர்மாருக்கும், போன வாரம் சாயாக்கடையில நான் இதைச் சொன்னதும் "இவனுக்கு வேற சோலி இல்லையா"ன்னு சிரிச்ச மக்களுக்கும் சேத்துதான் இதை எழுதுகேன்.

நான் டெம்போ ஓட்டுறவன். வாழைக்குலை, தேங்கா, கல்யாண வீட்டுப் பந்தல் சாமான்னு எது கிடைச்சாலும் ஏத்துவேன். தக்கலைக்கும் திங்கள்சந்தைக்கும் நடுவுல நம்ம ஊரு, எந்த ஊரு எந்தக் குளம்னு உங்களுக்கே தெரியும், அதனால பேரு போடல. இருபத்தாறு வருசமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டுற ஒருத்தன் எத்தனை குளத்தைக் கடந்து போவான்னு நெனச்சுப் பாருங்க, நம்ம கன்னியாகுமரி ஜில்லாவுல சின்னதும் பெருசுமா ரெண்டாயிரம் குளத்துக்கு மேல இருக்குன்னு சொல்லுவாங்க, நான் பாத்ததுல பாதி இப்ப கண்ணுக்குத் தெரியாது, ஒண்ணு ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கும் இல்லன்னா வீடு நிக்கும்.

விஷயத்துக்கு வாறேன். நம்ம குளத்தைச் சுத்தி நடைபாதை, பேவர் பிளாக், சைடு வால், ஸ்டீல் கம்பி, சிமெண்டு பெஞ்சு, ஹைமாஸ் லைட்டு, நடுவுல ஃபவுண்டன் எல்லாம் வரப்போகுதுன்னு வாட்ஸ்அப்ல படம் வந்துச்சு. கம்ப்யூட்டர்ல வரைஞ்ச படம். தண்ணி பினாயில் டப்பா மாதிரி நீலமா இருக்கு, கரையில பேரு தெரியாத வெளிநாட்டு மரம் வரிசையா நிக்குது, எல்லாத்துக்கும் மேல ரெண்டு அன்னம் நீந்துது. அக்கா, நம்ம குளத்துக்கு எத்தனையோ பறவை வருது, அன்னம் மட்டும் இதுவரைக்கும் வந்ததில்ல.

எங்க வீட்டுக்காரிக்கு அந்தப் படத்தைப் பாத்ததும் ரொம்ப சந்தோஷம். அவளுக்கு சுகர் உண்டு, டாக்டர் தினமும் நடக்கச் சொல்லியிருக்காரு, மெயின்ரோட்டுல நடக்க முடியுமா, கேரளாவுக்குக் கல்லும் எம்சாண்டும் கொண்டு போற டாரஸ் லாரி போற போக்குல முந்தானையை இழுத்துட்டுப் போயிரும். அதனால நடக்க ஒரு இடம் வேணும்ங்கிறதுல எனக்கு சண்டையே இல்ல, அதை நான் கடைசியில சொல்லுகேன், முதல்ல குளம்னா என்னன்னு கொஞ்சம் பேசிக்கிடுவோம், ஏன்னா அந்தப் படத்தை வரைஞ்ச ஆளுக்கு அது தண்ணி நிக்கிற ஒரு பள்ளம்னு மட்டும்தான் தெரிஞ்சிருக்கு.

எங்க பாட்டா குளத்தைப் பத்திப் பேசினா "நம்ம குளம்"னு தனியா ஒரு குளத்தைச் சொல்ல மாட்டாரு, மேல எது கீழ எதுன்னு சேத்துதான் சொல்லுவாரு. பேச்சிப்பாறை பெருஞ்சாணி அணையில இருந்து வெள்ளம் சானலுக்கு வரும், சானல்ல இருந்து கிளை சானல், அதுல இருந்து ஓடை, ஓடையில இருந்து முதல் குளம், அது நிறைஞ்சா மறுகால் வழியா, அதான் மிச்சத் தண்ணி வெளிய போற வழியா, அடுத்த குளம், அது நிறைஞ்சா அடுத்தது, இப்படியே கடைவரம்பு வரைக்கும் போய் மிச்சம் கடலுக்குப் போவும். பேச்சிப்பாறை அணை 1906-ல கட்டி முடிச்சது, ஆனா குளங்க அதுக்கெல்லாம் முந்தினது. சுசீந்திரம் தேரூர் பக்கத்துக் குளங்களோட பேரு 9-ஆம் நூற்றாண்டு செப்பேட்டுல இருக்காம். அணை கட்டினவங்க எல்லாத்தையும் புதுசா உண்டாக்கல, ஏற்கனவே கோத்து வச்சிருந்த மாலையோட நுனியைப் பிடிச்சு அணையில கட்டினாங்க. இந்த மாலையில ஒரு இடத்துல முடிச்சு விழுந்தா மேல இருக்கிறவன் முங்குவான், கீழ இருக்கிறவன் காய்வான்.

இது கதை இல்ல, 2021 நவம்பர்ல நாமளே பாத்தோம். ஓர்மை இருக்கா? ரெண்டு நாள் விடாம அடிச்சுது, நாகர்கோவில் திருவனந்தபுரம் லைன்ல மண்ணு சரிஞ்சு ட்ரெயின் நின்னுச்சு, நம்ம வார்டுல பதினேழு வீட்டுக்குள்ள வெள்ளம். என் வண்டி சீட்டு வரைக்கும் முங்கி இஞ்சின் பிரிச்சு வேலை பாக்க வேண்டியதாச்சு, அந்தக் கடன் அடைக்க ஒன்றரை வருசம் எடுத்துச்சு. அப்ப எல்லாரும் மழையைத் திட்டினோம். ஆனா வெள்ளம் வந்த வழியை நான் ரெண்டாம் நாளு முட்டளவு தண்ணியில நடந்து போய் பாத்தேன், அது ஒரு வீட்டையும் தேடி வரல, அது பழைய மறுகால் ஓடை வழியாத்தான் வந்துச்சு. அந்த ஓடை பத்தடி அகலம் இருந்துது என் சின்ன வயசுல, நாங்க அதுல தாண்டிக் குதிச்சு விளையாடி முட்டியை உடைச்சிருக்கோம். இப்ப அதுக்கு மேல ரோடு ஒசத்திப் போட்டு, கீழ ஒரு ரெண்டடி சிமெண்டு குழாய் வச்சு, அந்தக் குழாய்க்குள்ள பிளாஸ்டிக் கவரும் தேங்காத் தொண்டும் ஒரு பழைய மெத்தையும் அடைச்சுக் கிடந்துச்சு. பாம்பு பொந்துக்குப் போற மாதிரி வெள்ளம் அது வழிக்குத்தான் போச்சு, நாமதான் பொந்துல வீடு கட்டி இருக்கோம். யாரு கட்டினது, யாரு அனுமதி குடுத்ததுன்னு நான் இங்க சொல்லப் போறதில்ல, சொன்னா அதுல பாதிப்பேரு நமக்கு சொந்தக்காரனாத்தான் இருப்பான்.

அந்தக் குழாய் இப்பவும் அங்கதான் இருக்கு. எஸ்டிமேட்டுல ஃபவுண்டன் இருக்கு அக்கா, அந்தக் குழாய் இல்ல. நான் மூணு தடவை படிச்சுப் பாத்துட்டேன். மறுகால்ங்கிற வார்த்தையே அதுல கிடையாது.

அடுத்தது சைடு வால். கரையில கல்லுக்கட்டு கட்டினா மண்ணு சரியாது, குளம் நிக்கும்னு இஞ்சினியர் சார் சொன்னதா கேள்விப்பட்டேன். சரி. பக்கத்துல ஒரு ஊருல இப்படித்தான் கட்டினாங்க, நான் அந்த வழியா தினமும் லோடு கொண்டு போறவன், கட்டினதுல இருந்து விழுந்தது வரைக்கும் பாத்தேன். முதல்ல சுவரு கரையில வரல, குளத்துக்குள்ள தள்ளி வந்துச்சு, ஏன்னா கரையில ஏற்கனவே ஒருத்தரோட மதிலு நிக்குது, அவரை யாரு கேப்பா, அதனால குளத்துக்குள்ள பன்னிரண்டு அடி உள்ள வந்து சுவரு எழுப்பி, நடுவுல மண்ணு போட்டு நிரப்பி, அதுதான் நடைபாதை. ஆக ஆக்கிரமிப்புக்காரனுக்கு அரசாங்க செலவுல எல்லைச் சுவரு கிடைச்சாச்சு. குளம் நிறைஞ்சு நின்னப்ப சுவரு கெத்தா நின்னுச்சு. மீன் பிடிக்க குத்தகைக்காரன் மடையைத் தொறந்து தண்ணியை வடிச்சான் பாருங்க, பின்னால இருந்த மண்ணு ஈரத்தோட முன்னால தள்ள, தாங்கிப் பிடிக்க இந்தப் பக்கம் தண்ணி இல்ல, முப்பது நாப்பது அடி நீளத்துக்கு அப்படியே குப்புற விழுந்துச்சு. அதுக்கு முந்தி ஒரு கன்னுக்குட்டி உள்ள விழுந்து ஏற முடியாம ராத்திரி முழுக்க கத்தி, காலையில பயலுவ கயிறு போட்டு எடுத்தானுவ. சரிவா இருக்கிற மண்கரையில கன்னும் ஏறும், ஆமையும் ஏறும், தவளையும் ஏறும், தவறி விழுற பிள்ளையும் ஏறிரும், நேர்சுவருல யாரும் ஏற முடியாது.

கிணறு விஷயம் சீக்கிரம் சொல்லிருகேன். நம்ம ஊருல வீட்டுக்கு வீடு கிணறு உண்டு, குழாய்த்தண்ணி வரலன்னாலும் யாரும் பெருசா அலட்டிக்க மாட்டோம். அணை பிப்ரவரி கடைசியில அடைச்சிருவாங்க, திரும்ப ஜூன்லதான் தொறப்பாங்க, நடுவுல பங்குனி சித்திரையில கிணத்துல கிடக்கிறது குளத்துத் தண்ணி. நம்ம குளத்துல ஆகாயத்தாமரை மூடின ரெண்டு வருசமும் எங்க கிணத்துத் தண்ணி செம்பு வாடை அடிச்சுது, குளத்துக்கு வடக்கால இருக்கிற வீடுகள்லயும் இதே கதை, நீங்களே கேளுங்க.

இந்த ஆகாயத்தாமரையைப் பத்தி ஒரு வார்த்தை. வருசத்துக்கு ஒரு தடவை ஹிட்டாச்சி மிஷின் விட்டு வாருறீங்க, போட்டோவும் பிடிக்குறீங்க, நல்லதுதான். ஆனா வாரினதை கரையிலயே மலை மாதிரி குவிச்சு வச்சா அடுத்த மழையில அது திரும்ப உள்ளதான் போவும், ஒரு துண்டு மிச்சம் இருந்தாலும் ரெண்டு மாசத்துல ஊரையே மூடிரும். அதுக்குத் தீனி போடுறது நம்ம வீட்டு கழிவுத்தண்ணி. சானல்கரை ஓரத்துல எத்தனை வீட்டு செப்டிக் டேங்க் பைப்பு குளத்துக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்குன்னு ஒரு நாள் கரையைச் சுத்தி நடந்து எண்ணினேன், பதினொண்ணு. அதுல ஒண்ணு என் சித்தப்பா வீட்டுது, மறைக்க விரும்பல. அதை அடைக்காம பேவர் பிளாக் போட்டா, நாத்தத்தைச் சுத்தி நடக்க நல்ல ரோடு போட்ட மாதிரிதான்.

இன்னொண்ணு, ஹிட்டாச்சிக்காரனுக்கு ஆகாயத்தாமரைக்கும் தாமரைக்கும் அல்லிக்கும் வித்தியாசம் தெரியாது, எல்லாத்தையும் சேத்து வழிச்சு எறிஞ்சிருவான். இங்கதான் நான் சாயாக்கடையில சொல்லி எல்லாரும் சிரிச்ச விஷயம் வருது.

எங்க மூத்தவன் காலேஜ் படிக்கான், போன்ல பறவை கணக்கு எழுதுற ஆப் ஒண்ணு வச்சிருக்கான். போன வருசம் ஒரு ஞாயித்துக்கிழமை என்னையும் கரைக்குக் கூட்டிட்டுப் போனான். மேக்கால மூலையில, படித்துறைக்கு எதுத்தால, கொஞ்சம் தாமரை மிச்சம் கிடந்துச்சுல்லா, அங்க இலைக்கு மேல ஒரு கோழி நடந்துச்சு. நாங்க சின்னதுல தாமரைக்கோழின்னு சொல்லுவோம். காலு விரல் ஒவ்வொண்ணும் ஈர்க்குச்சி மாதிரி நீளம், அதை விரிச்சு வச்சு நடக்குறதால இலை முங்காது. மிதக்குற இலையில நாலு முட்டை, அடைகாக்கிறது ஆண், பொட்டை முட்டை போட்டுட்டு அடுத்த ஆளைப் பாத்துப் போயிருமாம். அம்பத்தொரு வயசுல அன்னைக்குத்தான் அதை நின்னு பாத்தேன். ரெண்டு மணிக்கூரு நின்னோம், லோடுக்காரன் போன் மேல போன் அடிச்சுகிட்டே இருந்தான். மழை வரும்போல இருந்துச்சு, அந்த ஆண் கோழி முட்டை ஒவ்வொண்ணையும் றெக்கைக்கு அடியில இடுக்கி வச்சுகிட்டு உக்காந்துச்சு. நாலு நாள் கழிச்சு வேற சோலியா யாரோ விட்ட ஹிட்டாச்சி அந்த மூலையை வழிச்சிருச்சு.

சுசீந்திரம் தேரூர் குளத்துக்கும் வேம்பனூர் குளத்துக்கும் 2022-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது, உலக அளவுல முக்கியமான ஈரநிலம்னு. நமக்கெல்லாம் பெருமைதான், மந்திரிமாரு வந்தாங்க, பேப்பர்ல படம் வந்துச்சு. ஆனா அந்தப் பறவைக்கு ராம்சார் போர்டு வாசிக்கத் தெரியாதே. தேரூருல பகல்ல மேயுறது ராத்திரி நம்ம குளத்துல அடையும், இங்க ஹைமாஸ் லைட்டு போட்டு பகலாக்கிட்டா அது எங்க போவும்? பெரிய குளத்தை மட்டும் கண்ணாடிப் பெட்டியில வச்சுட்டு சுத்தி இருக்கிற சின்னக் குளத்தையெல்லாம் பார்க்கா ஆக்கினா, நடு வீட்டை மட்டும் வச்சுட்டு தெருவையே இடிச்ச கணக்குத்தான்.

எனக்கு ஒரு சங்கடம் என்னன்னா, நம்ம ஆளுங்களுக்கு பெரிய ஆபத்து வந்தா வீதிக்கு வரத் தெரியும். கிள்ளியூர் தாலுகாவுல 1,144 ஹெக்டேர்ல அணுக்கனிம மணல் எடுக்கப் போறாங்கன்னதும் கீழ்மிடாலம், இனயம்புத்தன்துறை, கொல்லங்கோடுன்னு கடற்கரை முழுக்க கொதிச்சுது, 2024 அக்டோபர் 1-ஆம் தேதி நடக்க இருந்த கருத்துக்கேட்பு கூட்டமே தள்ளிப் போச்சு. நாலுவழிச்சாலைக்கு குளத்துல மண்ணு போட்டு நிரப்பினப்ப விவசாயிங்க கோர்ட்டு வரைக்கும் போனாங்க. மலையை உடைச்சு லாரியில கேரளாவுல விழிஞ்சம் துறைமுகத்துக்குக் கொண்டு போறதைப் பத்தி பேசாத சாயாக்கடை இல்ல. ஆனா நம்ம வீட்டுக்குப் பின்னால இருக்கிற ஒண்ணேகால் ஏக்கர் குளத்தை நல்லெண்ணத்தோட ஒருத்தர் சிமெண்டு பூசி மூடும்போது யாருக்கும் அது ஆபத்தாத் தெரியல, கைதட்டுறோம். மோசமான எண்ணத்தோட வந்தா சண்டை போடலாம், நல்ல எண்ணத்தோட வாறவங்க கிட்ட என்ன செய்ய? அதான் லெட்டர் எழுதுகேன்.

2011 கணக்குப்படி சென்னைக்கு அடுத்தபடியா ஜன நெருக்கடி உள்ள ஜில்லா நம்மளுது, ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஆயிரத்து நூறு பேருக்கு மேல. பிள்ளைகளுக்கு விளையாட இடம் இல்ல, பெண்டுகளுக்கு நடக்க இடம் இல்ல, காலி இடம்னா நம்ம கண்ணுக்கு அது குளம்தான். அந்த நெருக்கடி எனக்குப் புரியுது. ஆனா குளம் காலி இடம் இல்ல அக்கா, அதுல தண்ணி இருக்கு, தண்ணி இல்லாதப்ப தண்ணிக்கான இடம் இருக்கு.

சரி, இவன் வேண்டாம் வேண்டாம்னு மட்டும் சொல்லுகானேன்னு கேப்பீங்க. வந்திருக்கிற பணத்தை திருப்பி அனுப்பச் சொல்லல, அனுப்பினா அடுத்த வருசம் ஒத்தை ரூபா வராதுன்னு எனக்கும் தெரியும். முதல்ல சர்வேயரைக் கூட்டிட்டு வந்து எஃப்எம்பி, அதான் நில அளவைப் படத்தை வச்சு குளத்தை அளங்க. பொதுப்பணித்துறை குளங்களுக்கு அளந்து எல்லை குறிக்கணும், ஆக்கிரமிப்பை எடுக்கணும்னு 2007-லயே சட்டம் போட்டாச்சு, நம்ம குளம் யாரு கணக்குல இருந்தாலும் அளக்கிறதுக்கு என்ன தடை. கல்லு நட்ட பிறகு மத்ததைப் பேசலாம். அந்த ரெண்டடிக் குழாயை எடுத்துட்டு பழைய அகலத்துக்கு ஒரு பாலம் கட்டுங்க, அதுக்குத்தான் காசு நிறைய ஆவும், ஆகட்டும். பதினொரு பைப்பையும் அடைங்க, எங்க சித்தப்பா கிட்ட நானே பேசிக்கிடுகேன், அவரு ஒரு மாசம் என் கூட பேச மாட்டாரு, பரவாயில்ல. மேக்கால மூலையை அப்படியே விட்டுருங்க, அங்க மிஷின் வேண்டாம், நூறுநாள் வேலை மாதிரி ஆள் வச்சு கையால ஆகாயத்தாமரையை மட்டும் பறிச்சு, அன்னைக்கே வண்டியில ஏத்தி வெளிய கொண்டு போய் உரக்குழியில போடுங்க. வண்டி என்னுது இருக்கு, டீசல் மட்டும் போட்டாப் போதும். தூரு வாருற மண்ணை விவசாயிக்குக் குடுங்க, பிளாட்டு போடுறவனுக்குப் போகாம பாத்துக்கிடுங்க, போன தடவை அந்த வண்டல் எங்க போச்சுன்னு ஏலாவுல, அதான் வயக்காட்டுல, வாழை வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

நடக்கிறதுக்கு? கிழக்கால கரை ஏற்கனவே அகலமான மண்கரைதான், மேடு பள்ளத்தை சரி பண்ணி, முள்ளை வெட்டி, ரெண்டு புன்னையும் நாலு பூவரசும் வச்சா என் வீட்டுக்காரி மட்டும் இல்ல ஊரே நடக்கலாம். மண்ணுல நடந்தா மூட்டுக்கும் நல்லது. லைட்டு வேணும்னா படித்துறைப் பக்கம் ரெண்டு கம்பத்துல, கீழ பாத்து எரியுற மாதிரி, ஒன்பது மணிக்கு அணைச்சிரலாம். பெஞ்சு போடுங்க, வேண்டாம்னு சொல்லல, பாட்டாமாரு உக்காரட்டும்.

ஃபவுண்டன் வேண்டாம் அக்கா. மோட்டார் ரெண்டு மாசம்தான் ஓடும், அப்புறம் அதுல காக்கா உக்காரும், கரண்டு பில்லு பேரூராட்சி தலையில.

இந்த லெட்டரை என் மூத்தவன் படிச்சுட்டு "அப்பா ரொம்ப நீளமா இருக்கு, யாரும் படிக்க மாட்டாங்க"ன்னான். படிக்கலன்னாலும் பரவாயில்ல, நேரா வாங்க. வர்ற ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் மறுகால் பக்கத்துல வண்டியை நிப்பாட்டி வச்சிருப்பேன், ரெண்டு மம்மட்டியும் ஒரு கடப்பாரையும் இருக்கும், குழாய்க்குள்ள அடைச்சிருக்கிற அந்த மெத்தையை அன்னைக்கு எப்படியும் வெளிய இழுத்துப் போடப் போறோம், நாலு பயலுவ வாறேன்னு சொல்லியிருக்கானுவ. இஞ்சினியர் சாரையும் அந்தப் படம் வரைஞ்சவரையும் கூட்டிட்டு வாங்க. சேறு ஆவும், பழைய செருப்பு போட்டுட்டு வரச் சொல்லுங்க. கட்டன் சாயா என் கணக்கு.

இப்படிக்கு,
உங்க வார்டு டெம்போ டிரைவர்